வெள்ளை அங்கி வைத்தியனை ஆக்குமா?

பிள்ளைக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பெற்றோர் கணக்கிடுவது யாது? அவன் தீர்க்கப்போகும் பிணிகளையா, கல்யாணத்தில் அவன் பெறப்போகும் விலையையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், தமிழ் மக்களே! "நான் பிறரினும் உயர்ந்தவன்" என்னும் நஞ்சை முதல் நாளே ஊட்டிவிட்டு, பின்னர் அவன் ஏழை நோயாளியை முகங்கொடுத்துப் பாரான் என்று புலம்புவதால் பயன் என்ன?

"நான் வைத்தியன்" என்னும் உணர்வு மாணாக்கனிடம் எவ்வாறு பிறக்கிறது? கல்லூரியிற் சேர்ந்தோர் வெள்ளை அங்கி தரித்துப் பிரதிக்கினை கூறும் வைபவம் இன்று சிங்கப்பூரில் நடைபெறுகிறது. அதை நாம் இகழவில்லை. ஆயினும் அங்கியே வைத்தியனை ஆக்கும் என்பதற்கும், காவியே துறவியை ஆக்கும் என்பதற்கும் வேற்றுமை யாது?

பட்டமும் பதவியும் ஆக்குமோ? அதையும் பார்ப்போம். டான் ஜியாக் கிம் முதலியோர் 1904-ல் விண்ணப்பித்து, ஊராரிடம் 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்ததன் பயனாக, 1905-ல் இந்நகரில் வைத்தியப் பள்ளி தோன்றிற்று. பெண்களுக்கான பழைய பைத்தியசாலையே அதன் முதற் கட்டடம். 1916-ல் பிரிட்டிஷ் மருத்துவ மன்றம் அதன் பட்டத்தை அங்கீகரித்தது. அதன் பின்னரும் உயர்பதவி வெள்ளையருக்கே, கீழ்ப்பதவி ஆசியருக்கு! பதவிதான் அளவுகோல் எனில், அவர்களெல்லாம் அரை வைத்தியரோ?

1942 பிப்ரவரி 14-ஐ நினையுங்கள். நகரம் ஜப்பானியரிடம் வீழ்வதற்கு முந்திய நாள். குண்டடிபட்டு மாண்ட தோழனைக் கல்லூரி நிலத்தில் அடக்கம் செய்யக் கூடிய மாணாக்கர்மீது மீண்டும் குண்டு விழுந்தது. 11 பேர் மாண்டனர். போர்க்காலத்தில் காயமுற்றோருக்குத் தொண்டு செய்ய நின்றவர்கள் அவர்கள். பட்டம் பெறவில்லை. அவர்களை வைத்தியர் அல்லர் என்று கூற யாருக்கு நா எழும்?

மாணாக்கன் புத்தகத்தைக் காட்டிலும் மூத்த வைத்தியரின் நடத்தையையே கூர்ந்து படிக்கிறான். அவர் நோயாளியைப் பெயர் சொல்லி அழையாது, "மூன்றாம் கட்டில் ஈரல்" என்றால், இவனும் அதையே கற்கிறான். அவர் படுக்கையருகே அமர்ந்து, "எங்கே நோகிறது, ஐயா?" என்று கேட்டால், அதையும் கற்கிறான். சிராங்கூன் சாலையிலிருந்து வரும் முதியவரிடம் அவ்வொரு வினாவைத் தமிழிற் கேட்க நாணும் தமிழ் மாணாக்கன் எத்தனை நூல் கற்றும் என்ன?

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர் நோயாளியை முதலிலும் வைத்தியனை அவனுக்குப் பின்னும் வைத்தார். அவ்வரிசையை நம் வீடுகள் தலைகீழாக்கின. பெற்றோரே! பிள்ளையின் விலையைப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். அவன் வீடு திரும்பியதும், "இன்று யாருடைய துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்டாய்?" என்று கேளுங்கள். வைத்தியன் உருவாவது அங்கேதான்.