மெனோபாஸ் ஹார்மோன் மருந்து: 'கறுப்புக் கட்ட' எச்சரிக்கையை அமெரிக்கா நீக்குவது ஏன்? நம் வீட்டுக்கு என்ன அர்த்தம்?

மெனோபாஸ் தொந்தரவுகளுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மருந்துகளின் குறிப்புச்சீட்டில், அமெரிக்காவில் 2003 முதல் கறுப்புக் கட்டம் போட்ட ஓர் எச்சரிக்கை இருந்துவந்தது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய் என அதில் உள்ள பட்டியலைப் பார்த்தாலே கை நடுங்கும். அதில் பெரும்பகுதியை நீக்குவதாக அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2025 நவம்பர் 10-ம் தேதி அறிவித்தது.

அமெரிக்காவில் ஒரு சீட்டு மாறினா நமக்கென்ன என்று கேட்கலாம். 'ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வந்துடுமே' என்று இங்கே பலர் பின்வாங்குவதும் அதே பயத்தில்தான்.

பயம் எங்கே தொடங்கியது?

2002 ஜூலையில். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 16,608 பெண்களிடம் நடந்த 'டபிள்யூஎச்ஐ' என்ற அமெரிக்க ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் ஆபத்து 26% கூடுகிறது என்பது தலைப்புச் செய்தியானது. அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால், மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்த நோய், எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதலாக 8 பேர். அந்த 8 பேரை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், 'எடுத்தா கேன்சர்' என்று சொல்லும் அளவுக்கும் இல்லை.

இன்னொரு சிக்கல் வயது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இந்த மருந்தைத் தேடி வருபவர்களோ பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்காரர்கள். மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், அல்லது 60 வயதுக்குள் தொடங்கினால் நன்மை, ஆபத்துக் கணக்கு மாறுகிறது என்பதைப் பிந்தைய அலசல்கள் காட்டின. கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவும் இல்லை. இதெல்லாம் பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். சீட்டுதான் மாறவில்லை.

அப்போ எல்லாரும் எடுத்துக்கலாமா?

கூடாது. எஃப்டிஏ அறிவிப்பே கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது. இதயநோய், அல்சைமர் கூட குறையும் என்ற தொனியை நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல் சொன்னது. இது இளமையைத் திருப்பித் தரும் மருந்தல்ல. திடீர் உடல் கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மைக்கான மருந்து. எலும்புத் தேய்மானத்தையும் தடுக்கும்.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்தவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரலாம்; அந்த ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் நீக்கப்படவில்லை. மாத்திரையைவிட தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் ஆகியவற்றில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. ஆக, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

(ஆண்களுக்கு இப்படித் திடீர் சரிவு கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1% என மெதுவாகக் குறையும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் 'பூஸ்டர்' விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.)

வீட்டில் எதைக் கவனிப்பது?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேற்கு நாடுகளில் 51. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாற்றங்கள் ஆரம்பிக்கும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு மட்டுமல்ல, 42 வயது டீம் லீடருக்கும் இது நடந்துகொண்டிருக்கலாம். எரிச்சல், மறதி, படபடப்பு என்றால் 'வயசாகுதுல்ல' என்று விடாமல் முதலில் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். அவர்கள் 45 வயதுக்குக் கீழே இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி ரத்தப்போக்கு இருந்தாலும், ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.