மன்னாரில் பார்க்க என்ன இருக்கிறது?



கல்விச் சுற்றுலா என்றதும் நமது பாடசாலைகளில் சிகிரியா, கண்டி, நுவரெலியா என்றுதான் பேச்சு எழும். போகட்டும், பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் "மன்னாரில் என்ன இருக்கு, வெயிலும் கழுதையும்தானே" என்று பிள்ளைகள் சொல்வதைச் சிரித்துக் கடந்துவிட முடியவில்லை.

என்ன இல்லை? பாலத்தைக் கடந்ததும் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. பள்ளிமுனையில் பெருக்க மரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பதினைந்து பிள்ளைகளாவது கைகோர்த்தால்தான் சுற்றி வளைக்கலாம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு மீண்டும் ரயிலில் சென்னை. 1964 புயல் அந்தப் பாதையை அழித்தது. அதற்கப்பால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள். தரைப்பாலத்தை அண்டிய வங்காலைச் சரணாலயம் 2010இல் ரம்சார் ஈரநிலமானது. பூநாரைகள் இறங்கும் இடம் அது.

இதெல்லாம் பரீட்சைக்கான பொது அறிவு மட்டுமல்ல. தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் தென்கரையில் நிற்கின்றன. இன்னும் காற்றாலை வேண்டுமா, கனிய மணல் அகழலாமா என்று ஊரே கதைக்கிறது. நாட்டுக்கு மின்சாரம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் "இந்த இடத்தில் வேண்டாம்" என்று சொல்வதற்கு, பறவை எங்கே இறங்குகிறது, மழைவெள்ளம் எந்த வழியால் வடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனின் எதிர்ப்பு வெறும் சத்தமாகவே போய்விடும்.

"வெளியாட்கள் வந்தால் ஊர் கெட்டுவிடும்" என்பாரும் உண்டு. அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறார்கள், பொலித்தீன் மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. நமது இளைஞர்களே வழிகாட்டிகளானால் வருமானமும் வரும், ஒழுங்கையும் நாமே வகுக்கலாம்.

ஆகவே அதிபர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை மன்னாருக்குள்ளேயே கூட்டிச் செல்வோம். பஸ் கூலி அதிகமாகாது. பழைய ரயில் ஊழியர் ஒருவரையும் கடலோடி ஒருவரையும் கூட அழைத்துப் போவோம். நம் பாடப்புத்தகத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கிறது. பெருக்க மரத்தில் பெயர் செதுக்கக் கூடாது என்பதையும் அங்கே வைத்தே சொல்லிக்கொடுப்போம்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் அறிந்த இடங்களைக் கீழே எழுதுங்கள். அந்தப் பட்டியலை வைத்தே முதல் பயணத்தைத் திட்டமிடலாம்.