கருவி வந்தது, கல்வி வரவில்லை

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் வெண்ணிற அங்கியும் நுணுக்குக்காட்டியும் நம் நினைவில் எழுகின்றன. ஒரு மருந்து மக்களுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பதில் இன்னொரு கைக்கும் பங்குண்டு. நோயாளியின் படுக்கையருகே நின்று, அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு கட்டத்துள் ஓர் எண்ணைப் பதியும் தாதியின் கை அது. அந்தக் கட்டம் முன்னர் கடதாசியில் இருந்தது. இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டது. இதனை இலத்திரனியல் தரவுப் பதிவு என்கின்றனர். கட்டம் மாறியதைப் பெருமையோடு பறைசாற்றுவோர் பலர்; கட்டத்தை நிரப்பும் கையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அந்தக் கைக்காகவே நாம் பேச விரும்புகிறோம்.

அக்கை எழுதும் எண்ணின் பெறுமதியை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோருக்கு மருத்துவக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் தப்பும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அதைச் சோதிக்கும் ஆராய்ச்சி 2002 முதல் 2004 வரை அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரிடையே நடைபெற்றது. முடிவு 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கரி கொடுக்கப்படாதோரில் இறந்தவர் நூற்றுக்கு 6.8, பலமுறை கொடுக்கப்பட்டோரில் 6.3. பொருட்படுத்தத்தக்க பயன் ஏதுமில்லை என்பதே தீர்ப்பு. நூறு பேரில் ஒருவருக்கும் குறைந்த வேறுபாட்டை நிறுக்கின்ற தராசு இது! இத்தகைய தராசில் சில பதிவுகள் பிழைத்தாலும் தட்டு சாய்ந்துவிடும். பயனற்ற சிகிச்சை பயனுள்ளதாகும். பயனுள்ளது குப்பைக்குப் போகும். அதன் விலையை உயிரால் செலுத்துவோர் யார்? அரச வைத்தியசாலையின் நீண்ட வரிசையை விட்டால் வேறு கதியற்ற மக்களே.

கணினி இந்தப் பிழைகளைக் குறைக்க வல்லது என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் இயந்திரத்தின் பகைவர் அல்லர். நன்கு அமைந்த மின்படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லை வகுக்கலாம். எல்லை மீறிய எண்ணை அது உடனே கேள்விக்குள்ளாக்கும். யார், எப்போது, எதனை எதுவாக மாற்றினார் என்ற தடத்தை அழியாமல் காக்கும். கடதாசியில் அழித்தெழுதியவன் தப்பலாம். இங்கே தப்ப இயலாது.

ஆனால் பயிற்சியும் துணையும் இல்லாத இடத்தில் இதே கருவி என்ன செய்கிறது? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். குருதியில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் என்பதும், ஒரு லீற்றருக்கு 7 மில்லிமோல் என்பதும் ஒன்றே. இவ்வேறுபாட்டை எவரும் சொல்லித்தராத ஊழியர், 7 என்பதை மில்லிகிராம் கட்டத்தில் இடுகிறார். நடந்து வந்த மனிதர் மரணத் தறுவாயில் இருப்பவராகப் பதிவாகிறார். கணினி மறுக்கிறது, சிவப்பெழுத்தில் ஆங்கில வாக்கியம் ஒன்று தோன்றுகிறது. இரவு வேளை; கேட்பதற்கு ஆளில்லை; வெளியே இருபது நோயாளர் காத்திருக்கின்றனர். இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் ஏதோ ஓர் எண்ணை இட்டுவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். பொய்யைப் பிடிக்க வைத்த பொறியே பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டது. ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், யார் எழுதினார் என்று காட்டும் அந்த அழியாத தடமும் அழியாத பொய்யாகிறது. இக்குற்றம் அந்த ஊழியருடையதா? கருவியைக் கொடுத்துக் கல்வியை மறுத்தவர்களுடையதா?

இனி எமது கரைக்கு வருவோம். மருதமுனையின் நெசவாளியும், சாய்ந்தமருதின் மீனவரும், சம்மாந்துறை வயல்களில் சேறு மிதிக்கும் விவசாயியும் வந்து சேரும் சுகாதாரப் பிராந்தியம் கல்முனை. அம்பாறை மாவட்டத்துள் அடங்கினும், சுகாதார சேவைகளுக்கென இதற்குத் தனிப் பிராந்தியப் பணிமனை உண்டு. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் தனி வரிசை உண்டு. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இங்கே இருக்கின்றன. இம்மக்கள் தமது நோவைத் தமிழில் சொல்கின்றனர். சீனி வருத்தக்காரர் ஒருவர் ‘கால் உளைவு’ என்பார். அவரே இன்னொரு நாள் ‘விறைப்பு’ என்பார். பிறிதொரு நாள் ‘எரிவு’ என்பார். மூன்றும் மூன்று வேதனைகள். நரம்பின் நிலையைப் பற்றி மூன்று செய்திகள். ஆங்கிலப் படிவத்தில் ‘வலி’ என்று பொருள்படும் ஒரே கட்டம் இருந்தால், மூன்றும் அதனுள் திணிக்கப்பட்டு உயிரிழக்கின்றன. மொழிபெயர்க்கும் பாரம் முழுவதும் தாதியின் தலையில் விழுகிறது. அதற்கு அவருக்குப் பயிற்சியும் இல்லை, ஊதியமும் இல்லை.

நோன்பு மாதத்தை எண்ணிப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை மருந்தைக் கேட்கிறது படிவம். இங்கே சஹர் உணவோடு ஒரு வேளையும் நோன்பு திறந்தபின் ஒரு வேளையுமாக மருந்தை மாற்றிக்கொள்வோர் பலர். வைத்தியரின் ஆலோசனையோடு மாற்றுவோரும் உண்டு. தாமே மாற்றுவோரும் உண்டு. சீனி வருத்தத்துக்கான மருந்தொன்றை ஆராய்பவனுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன? ஆயினும் படிவத்தில் அதற்கு இடமில்லையெனில், மதிய வேளையில் ‘உட்கொண்டார்’ என்றோ ‘தவறவிட்டார்’ என்றோ எழுத நேரும். முன்னது பொய், பின்னது நோயாளியின் மீது சுமத்தும் பழி. படிவத்தைத் திருத்துவது கடினமான காரியமன்று. ஒரு கட்டத்தைச் சேர்ப்பது சிறு வேலையே. அதைச் சேர்க்கும் அறிவும் அதிகாரமும் கல்முனையில் ஒருவருக்கேனும் உண்டா என்பதே கேள்வி.

“மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதே” என்பார் உண்டு. ஆம், கிடைக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004இல் உருவாக்கிய ‘ரெட்கேப்’ இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இணையத் தொடர்பு அறுந்த வேளையிலும் கைத்தொலைபேசியில் பதிய உதவும் ‘ஓ.டி.கே.’ போன்றவையும் உள்ளன. தமிழெழுத்தில் படிவம் அமைக்கவும் அவை இடங்கொடுக்கின்றன. ஆனால் வழங்கிக் கணினியைப் பேணுபவர் யார்? இரவு பத்து மணிக்குத் திரை உறைந்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? புதிதாக இடமாற்றம் பெற்று வந்த தாதிக்கு மீண்டும் முதலிலிருந்து கற்பிப்பவர் யார்? விதையை இலவசமாகத் தந்துவிட்டு வாய்க்காலை மூடியவனை விவசாயி கொடையாளி என்று போற்றுவானா?

பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது என்ன? தலைநகரில் ஒருநாள் பட்டறை, ஆங்கிலத்தில் விரிவுரை, நற்சான்றிதழ், குழுவாக ஒரு புகைப்படம். அங்கே அழைக்கப்படுபவர் மேலதிகாரி. ஊருக்குத் திரும்பியதும் தரவைப் பதிபவர் வேறொருவர். ஆராய்ச்சியில் பங்குகொள்ளும் ஒவ்வொருவரும் தத்தம் பணிக்குரிய கல்வியும் பயிற்சியும் அனுபவமும் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது நன்மருத்துவ ஆராய்ச்சி நடைமுறைக்கான சர்வதேச நெறி, 1996இலேயே எழுதப்பட்டது. நெறி ஏட்டில் இருக்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பிழை தரவில் வாழ்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கண்ணீர் காயுமுன் வினாக்கொத்துகளோடு ஆராய்வோர் வந்தனர். அனர்த்தத்தின் பின் இலங்கையில் நடந்த ஆராய்ச்சிகளின் அறத்தைப் பற்றி அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினர். வினாக்கள் நம்மிடம் கேட்கப்பட்டன. விடைகள் எங்கோ கட்டுரைகளாயின. கற்பிக்கப்படாத கையில் வைக்கப்படும் மின்படிவம் இதே கொள்முதலை மேலும் விரைவாக்கும், அவ்வளவே. முன்னர் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனதை இனிக் கணப்பொழுதில் கொண்டுபோவர்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு, அதற்கு ஒரு பெருமைமிக்க வரலாறும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி விஞ்ஞானி கிறிஸ்டன் நிகார்டுடன் கைகோத்தது. தொழிற்சாலைக்குள் கணினி நுழைந்தபோது, அதைக் கற்கவும் அதன் அமைப்பைப் பற்றி வாதிடவும் தொழிலாளர் உரிமை கோரினர். தமக்கெனப் பாடநூல்களை ஆக்கினர். புதிய கருவியைப் புகுத்துமுன் தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற உடன்படிக்கைகளை வென்றனர். கருவியைப் பயன்படுத்துபவனே அதன் வடிவத்தைத் தீர்மானிப்பதில் பங்காளி என்ற அந்தச் சிந்தனை, நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994இன் பின் தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்குச் சென்றது. அங்கே தொடங்கிய சுகாதாரத் தகவல் முயற்சியிலிருந்தே, ஒஸ்லோ பல்கலைக்கழகம் இன்று பேணும் ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்னும் திறந்த மென்பொருள் வளர்ந்தது.

அதே மென்பொருளைக் கொண்டு இலங்கையர் என்ன சாதித்தனர் என்பதை உலகறியும். 2020 ஜனவரியில், கொரோனாத் தொற்று நாட்டுக்குள் கால்வைத்த நாள்களில், பயணிகளைப் பதிந்து தொடரும் ஏற்பாட்டை இந்நாட்டவரே அமைத்தனர்; பின்னர் வேறு பல நாடுகளும் அதை எடுத்தாண்டன. இது வானத்திலிருந்து விழுந்த அற்புதமன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இலிருந்து மருத்துவர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியலைக் கற்பித்து வந்தது. பத்தாண்டுக் கல்வி விதைத்தது. சில நாள்களில் அறுவடையாயிற்று. கற்பித்தால் எமது மக்களால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? எனில், அக்கல்வி மருத்துவரோடு நின்று தாதியிடம் வராததேன்? தலைநகரோடு நின்று கிழக்குக் கரைக்கு வராததேன்?

“விஞ்ஞானத்தின் மொழி ஆங்கிலம்” என்று சிலர் சொல்வர். முடிவை உலகுக்கு அறிவிக்க ஆங்கிலம் உதவட்டும், தடையில்லை. உண்மை பிறக்கும் இடமோ நோயாளியின் நா. அந்த நாவின் மொழியில் படிவம் இல்லையெனில், பிழை பிறந்தபின் எந்த மொழியில் அறிவித்தென்ன? “கல்முனைக்கு எத்தனை மருத்துவ ஆராய்ச்சிகள் வரப்போகின்றன?” என்று வேறு சிலர் நகைப்பர். பயின்றோர் இல்லாமையால் ஆராய்ச்சி வருவதில்லை. ஆராய்ச்சி வராமையால் பயிற்சி தரப்படுவதில்லை. இந்த நச்சுவட்டத்தையே நியாயமாகக் காட்டுகின்றனர். இக்கரையில் சோதித்தறியாத மருந்தளவுகள் இக்கரை மக்களுக்கு நாள்தோறும் கொடுக்கப்படத்தான் செய்கின்றன. மருந்துக்கு மட்டும் உடல் வேண்டும், கணக்குக்கு வேண்டாமா?

எனவே நாம் கோருவன தெளிவானவை. ஆராய்ச்சி நடைபெறும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும், ஆராய்ச்சி முடிந்தபின்னும் நிலைத்திருக்கும் ஊதியத்துடன், தரவுப் பதிவுக்குத் துணைநிற்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். பயிற்சியும் கைந்நூலும் தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் வேண்டும். பதிபவரே அவற்றைப் பெறுதல் வேண்டும். படிவத்தை இயற்றும் மேசையில் தாதிக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நாற்காலி வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் காப்புக்குரியதாகக் கொள்கிறது. அதைப் பதிபவரும் நோயாளியும் தம் மொழியில் அறிதல் வேண்டும். ஆராய்ச்சி முடிந்ததும் அதன் முடிவு, அதற்கு உடலையும் சொல்லையும் தந்த ஊருக்குத் தமிழில் திரும்பி வருதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்முனையிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணம். அங்கே கணினி பயிலும் இளைஞன் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கையில், இங்கே தாதி ஒருவர் சிவப்பெழுத்தின் முன் தனித்து நிற்கிறார். இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. உளைவுக்கும் விறைப்புக்கும் எரிவுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் அமைக்க மொழியாசிரியர் முன்வரலாம். படிவத்தைத் தமிழில் அமைத்துச் சோதிக்க மாணவர் முன்வரலாம். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுப் போராடுவோம். நாம் செய்யத்தக்கதை நாளையே தொடங்குவோம்.

எழுதத் தெரிந்தவனே கணக்கை எழுதினான். எழுதத் தெரியாதவனின் கடன் வளர்ந்தது. கிராமம் நன்கறிந்த பழைய கதை இது. பேரேடு கணினியாக மாறிவிட்டதனால் மட்டும் அக்கதை முடிந்துவிடாது. எமது நோயின் கணக்கை எமது கையே எழுதக் கற்கும் நாளில்தான் அது முடியும்.