குடும்பத்தைக் கெடுப்பது யார்?

"அந்த ஆபீஸுக்கு ஒருத்தி போனாள் என்றால் அந்தக் குடும்பம் அவ்வளவுதான்!"

தாராவியில் தண்ணீர்க் குழாயடியிலும் டீக்கடையிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நம் சங்கத்து வாசலிலும் அடிபடுகிறது. எந்த ஆபீஸ்? பாந்திராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனைக்குள் இருக்கிற ‘திலாசா’ மையத்தைத்தான் சொல்கிறார்கள். வீட்டில் அடி உதை படும் பெண்களுக்காக மும்பை மாநகராட்சியும் ‘செஹத்’ என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய மையம் அது. பின்னர் மாநகராட்சியின் வேறு மருத்துவமனைகளிலும் அதே போன்ற மையங்கள் வந்தன. திலாசா என்றால் ஆறுதல் என்று பொருள். ஆறுதல் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் சிலருக்கு அடிவயிறு கலங்குவானேன்?

அங்கே என்னதான் நடக்கிறது? கை ஒடிந்து, முகம் வீங்கி ஒரு பெண் வருகிறாள். "படியில் விழுந்துவிட்டேன்" என்கிறாள். படியே இல்லாத ஒற்றை அறைக் குடிசையில் இருப்பவளும் இதையேதான் சொல்கிறாள்! மருந்து போட்டு அனுப்பிவிடாமல், டாக்டரோ நர்ஸோ அவளைத் தனியே அழைத்து விசாரிக்கிறார்கள். அதே மருத்துவமனைக்குள் இருக்கும் மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருவர் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்கிறார். இன்றிரவு அந்த வீட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்கிறார். சட்டத்தில் அவளுக்கு என்ன வழி இருக்கிறது என்று சொல்கிறார். வழக்குப் போடுவதா, தாய்வீடு போவதா, புருஷனிடமே திரும்புவதா என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். போலீஸ் ஸ்டேஷன் படியேற அஞ்சுகிறவள்கூட, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட முடியும். மையத்தை ஆஸ்பத்திரிக்குள் வைத்ததன் அருமை அதுதான்.

இதுவா குடும்பத்தைக் கெடுக்கிறது? அப்படியானால் குடும்பத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் செய்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கையில் கட்டோடு ஒரு பெண் நம் சங்கத்துக்கு வந்தாள். ஆண்கள் நால்வர் உட்கார்ந்து விசாரித்தோம். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேல் கை நீட்ட மாட்டேன், அண்ணாச்சி" என்றான். "அனுசரித்துப் போம்மா, ரெண்டு பிள்ளை இருக்கு" என்று அவளுக்குப் புத்தி சொன்னோம். ‘சமரசம் ஆனது’ என்று மினிட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவளை மறுபடி பார்த்தோம். ரயில்வே டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். திருநெல்வேலிக்கு எவ்வளவு என்று கேட்டாள். பதில் சொன்னோம், அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு காது போயிருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணம் டிக்கெட்டுக்குப் போதவில்லை. அவள் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தை உடைத்தது எந்த ஆபீஸ், தோழர்களே? பாந்திரா ஆபீஸா, நம் சங்கத்து ஆபீஸா?

அடுத்து, மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருகிறார்கள். "நம் வீட்டு அசிங்கத்தை மராத்திக்காரர்களிடம் போய்ச் சொல்வதா? தமிழன் மானம் என்ன ஆவது?" என்று குதிக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவனால் வன்முறைக்கு ஆளான பெண்கள் (மணமானவர்களில், 18 முதல் 49 வயதுக்குள்) இந்தியாவில் நூற்றுக்கு 29 பேர். மகாராஷ்டிரத்தில் 25 பேர். தமிழ்நாட்டில் 38 பேர்! மானம் பேசுகிறவர்கள் இந்த 38-ஐ எங்கே கொண்டுபோய் மறைக்கப் போகிறார்கள்? நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, வெளியே சொன்னதுமில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மானம் போவது அவன் அடிக்கும்போதா, அவள் அழும்போதா?

1966-க்குப் பிறகு இந்த நகரில் தென்னிந்தியர் எதிர்ப்பு கிளம்பியதும், நம் கடைகள் தாக்கப்பட்டதும் நமக்கு மறந்துவிட்டதா? "பிழைக்க வந்த இடத்தில் அனுசரித்துப் போ" என்று அன்று நமக்கு உபதேசம் செய்தவர்கள் மீது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! வெளியே நமக்குக் கசந்த அந்த உபதேசத்தை வீட்டுக்குள் நம் பெண்களுக்கு ஊட்டுகிறோமே, இது என்ன நியாயம்?

"பாவம், உழைத்துக் களைத்து வருகிறான், குடிக்கிறான், கை நீண்டுவிடுகிறது" என்று பரிதாபப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கை மேஸ்திரியிடம் நீள்வதில்லையே! வட்டிக்காரனிடம் நீள்வதில்லையே! வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதானே நீள்கிறது! விடியுமுன் எழுந்து மாவு அரைத்து இட்லி அவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளே, அவளுக்குக் களைப்பு இல்லையா? அவள் யாரை அடிக்கிறாள்?

"புருஷனை உள்ளே தள்ளி வீட்டைப் பிடுங்கத்தான் இந்தச் சட்டமெல்லாம்" என்பது இன்னொரு புரளி. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. ‘அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு’ என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட அது வழி செய்கிறது. அவளைக் காக்க இட்ட உத்தரவை மீறினால்தான் அந்தச் சட்டப்படி சிறை. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டைப் பிடுங்குகிற சட்டமல்ல இது. நடுராத்திரியில் அவளைத் தெருவில் தள்ளுவதைத் தடுக்கிற சட்டம்.

பஞ்சம் பிழைக்க வந்த நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அடி தாங்காமல் ஊருக்குப் போய்விட்டவள், தான் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே இந்தச் சட்டப்படி மனுக் கொடுக்கலாம். கணவன் கொடுமைக்கான குற்ற வழக்கையும் அவள் தஞ்சம் புகுந்த ஊரில் தொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு வருமானக் கணக்குப் பாராமல் இலவச வக்கீல் உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

மையம் இருப்பதால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கோர்ட் இழுத்தடிக்கும். பிள்ளைகளின் படிப்பும் வாடகையும் மறுநாளே எதிரே வந்து நிற்கும். தமிழ் மட்டுமே தெரிந்தவள், பட்ட அடியை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பாதி வழியில் திரும்பியும் விடுவாள். இந்தக் குறையைத் தீர்ப்பது நம் வேலை. மையத்தைத் தூற்றுகிற நேரத்தில் அதைச் செய்யலாம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். அடிபட்டு வரும் பெண்ணைச் சமரசம் பேசித் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் சங்கத்தில் இன்றோடு ஒழியட்டும். இந்தியும் தமிழும் தெரிந்த பெண்கள் இருவர், கூப்பிட்ட நேரத்தில் துணைக்குப் போக முன்வரட்டும். பஸ் செலவு சங்கத்துடையது. பெண்கள் உதவி எண் 181, இலவசச் சட்ட உதவி எண் 15100 இரண்டையும் சங்கத்துப் பலகையில் பெரிதாக எழுதுவோம். கமிட்டியில் சரிபாதி பெண்கள் உட்காரட்டும். அதற்கு இடம் போதாதென்றால் நம்மில் இருவர் எழுந்து இடம் கொடுக்கத் தயார்.

தாய்மார்களே! அந்த ஆபீஸுக்குப் போனவளைப் பற்றிக் குழாயடியில் முணுமுணுப்பதை நிறுத்துங்கள். நாளைக்கு உங்கள் மகளுக்கே அந்த வழி தேவைப்படலாம்.

தோழர்களே! அந்தப் பழைய மினிட் நோட்டு இன்னும் சங்கத்து அலமாரியில்தான் இருக்கிறது. ‘சமரசம் ஆனது’ என்ற வரிக்குக் கீழே நம் கையெழுத்தும் இருக்கிறது. வருகிற பொதுக்குழுவில் அந்தப் பக்கத்தை எல்லோர் முன்னாலும் படிக்கப் போகிறோம். தவறாமல் வாருங்கள்.