நல்ல தண்ணீரும் ஒடுங்கிய மதகும்

நம் தோட்டத்துக் கடைகளில் தகரத்தில் அடைத்த மீனைச் ‘செமன்’ என்று கேட்டு வாங்குவது வழக்கம். பெரும்பாலான தகரங்களுள் இருப்பது வேறு கடல்மீனே. உண்மையான செமன், அதாவது சால்மன், வடகடல்களில் வாழ்வது. நல்லதண்ணியில் இருந்துகொண்டு அமெரிக்க மீனைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம், காரணம் உண்டு.

சால்மன் ஓடையிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஓடையையே நாடி வருவது. சரளைக் கற்களிடையே முட்டைகளைப் புதைத்து வைக்கும். அக்கற்களினூடே குளிர்ந்த தெளிநீர் ஓடினாலன்றிக் குஞ்சு பிழையாது. சேறு படிந்தால் முட்டை மூச்சடைத்து மடியும். சியாட்டில் நகரில் வீடும் வீதியும் பெருகியபோது இத்தகைய ஓடைகள் பல குழாய்களுள் அடைக்கப்பட்டன. மதகு ஒடுங்கியதாயின் நீர் அம்பெனப் பாயும். மீன் எதிர்த்து நீந்த இயலாது. மதகின் வாய் ஓடையின் மட்டத்திற்கு மேலே உயர்ந்து நின்றாலோ, தாவி ஏறவும் வழியில்லை. நீரைக் கடத்த நினைத்தவர்கள் ஓடையைக் கடத்த மறந்தார்கள்!

வாஷிங்டன் மாநிலத்துப் பூர்வகுடி மக்கள் 2001 ஆம் ஆண்டில் இம்மதகுகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். மீன்பிடிக்கும் உரிமையைப் பழைய உடன்படிக்கைகள் அவர்களுக்கு உறுதி செய்திருந்தன. மீனே வராவிடின் அவ்வுரிமையால் யாது பயன் என்பது அவர்தம் வாதம். 2018 இல் உச்சநீதிமன்ற நீதியரசர்கள் நால்வருக்கு நால்வராகப் பிரியவே, பூர்வகுடிகளுக்குச் சார்பான கீழ்மன்றத் தீர்ப்பு நிலைத்தது. ஒடுங்கிய குழாய்களை அகற்றி, ஓடையின் அகலத்திற்கேற்பப் பாலமோ பெருமதகோ அமைக்கின்றனர். சியாட்டிலின் தோர்ன்டன் ஓடையில் 2014 இல் சரளை பரப்பிச் சீர்செய்த பகுதியொன்றில், 2018 இல் சினூக் என்னும் சால்மன் வந்து முட்டையிட்டது.

வழி திறந்தால் மட்டும் போதாது. மழைக்குப் பின் கோஹோ சால்மன்கள் முட்டையிடுமுன்னரே மடிவதன் காரணம் 2020 இற்றான் வெளியாயிற்று. வாகன டயர்கள் தேய்ந்து உதிரும் துகள்களிலிருந்து பிறக்கும் நஞ்சு அது. வீதிநீரை மண்ணும் செடியும் உள்ள பாத்திகளில் வடியவிட்டால் அந்நஞ்சு பெரிதுங் குறைகின்றது. இவ்வித்தை நமக்கு முற்றும் புதிதன்று. தேயிலைச் சரிவின் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே மண் தங்கக் குழி வைப்பது நம் பாட்டனார் காலத்து வேலை. இன்று அக்குழிகள் பலவிடத்தும் தூர்ந்து கிடப்பது வேறு கதை.

சால்மனின் உறவான ட்ரவுட் மீனை ஆங்கிலேயர் 1880களில் நுவரெலியா ஓடைகளில் விட்டனர். ஹோட்டன் சமவெளியில் வானவில் ட்ரவுட் இன்றும் உண்டு. அங்கன்றி வேறெங்கும் காணப்படாத சிறு இறால் ஒன்று அம்மீனால் அருகியதாக ஆய்வாளர் கூறுவர். ஆகவே, நம் ஓடையில் வெளிநாட்டு மீனை விடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கல்லைப் பற்றி வாழும் நம் சிறுமீன்களுக்கு வழி விட்டாற் போதும்.

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரிகர் நம்மூர் வழியே செல்கின்றனர். அவர்கள் விட்டுச்செல்லும் போத்தல்களும் பைகளும் கானில் விழுந்து, மதகை அடைத்து, மழையில் ஓடையை வீதிமேல் ஏற்றுகின்றன. எஞ்சியவை மவுசாக்கலை நீர்த்தேக்கம் சேர்கின்றன. அந்நீரே களனி கங்கையாகிக் கொழும்பு மாநகரின் குடிநீராகின்றது. அதற்கு முன்னரே, கீழுள்ள லயத்துப் பிள்ளைகள் இதே ஓடையில் குடத்தை மொள்கின்றனர். அதைப் பற்றி யாரும் அறிக்கை எழுதுவதில்லை.

சென்ற மாதம் மாணவர் சிலருடன் அம்மதகொன்றை அளந்தோம். ஓடையின் அகலம் ஒன்பது அடி. குழாயின் வாயோ இரண்டரை அடி, அதிலும் பாதி மண். “சேர், இதற்குள் தண்ணீரே போகமாட்டாதே, மீன் எப்படிப் போகும்?” என்றான் ஒருவன். அளவுகளைக் குறித்து உரிய அலுவலகத்திற்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை, முப்பதாண்டு கான் வெட்டிய பெரியவர் ஒருவர் மண்வெட்டியுடன் சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கின்றார். மாணவர்களும் வருகின்றனர்.