வண்டி வந்தது, வழி வந்ததா?

ஓசூரிலே மின்ஸ்கூட்டர் உருவாகிறது. போச்சம்பள்ளியிலே உருவாகிறது. தூத்துக்குடியிலே 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. தமிழ் மண்ணில், தொழிலாளர் கைவண்ணத்தில் பிறந்த வண்டிகள் தரணியெங்கும் ஓடட்டும், பூரிக்கிறோம்! ஆனால் பூரிப்போடு ஒரு கேள்வியும் எழுகிறது. அந்த வண்டியைப் பூட்டிய தொழிலாளி, வேலை முடிந்து வாடகை வீட்டுக்குத் திரும்பி, தன் வண்டிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் பாயின்ட் கேட்டால், கிடைக்கிறதா?

பங்களாவாசிக்குக் கவலையில்லை. சொந்தச் சுவர், சொந்த மீட்டர், சொன்னால் மாட்டிவிடுவார்கள். மாடிக் குடித்தனக்காரனோ, சன்னல் வழியே ஒயரைத் தொங்கவிட்டு, எக்ஸ்டென்ஷன் பெட்டியை மழைச்சாரலில் வைத்துவிட்டு, இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறான். "கூடவே கூடாது" என்கிறார் வீட்டுக்காரர். "தீப்பிடிக்கும்" என்கிறது குடியிருப்போர் சங்கம்.

தீயென்றால் அஞ்சத்தான் வேண்டும். அந்த அச்சத்தை நாம் பழிக்கவில்லை. தீ எங்கிருந்து வருகிறது? மெல்லிய ஒயரிலிருந்து, தளர்ந்த பிளக்கிலிருந்து, எர்த் இல்லாத சுவரிலிருந்து! முறையான இணைப்பை மறுப்பவர்களே அந்தத் திருட்டு ஒயருக்கு வழி திறந்துவிடுகிறார்கள். இது என்ன பாதுகாப்பு?

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரும் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. வீடுகளில் சார்ஜ் ஏற்ற அனுமதி உண்டென்று 2018 டிசம்பரிலேயே டில்லி அறிவித்தது. மின்வண்டிக்கென்றே தனி இணைப்புக் கோரலாம் என்று 2024 பிப்ரவரியில் விதியும் திருத்தப்பட்டது. ஏட்டிலே உரிமை இருக்கிறது, வீட்டிலே இருக்கிறதா?

தோழர்களே! உரிமை கேட்பவன் விவரமும் அறிந்திருக்க வேண்டும். விற்பவர் காட்டும் பெரிய பெட்டியைக் கண்டு மயங்காதீர்கள். ஸ்கூட்டர் பேட்டரி நிறைய ஏறக்குறைய 3 யூனிட் போதும்; எர்த் உள்ள நல்ல மூன்றுமுனைப் பாயின்ட் ஒன்றே அதற்குச் சரி. கார் வாங்கியவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால், செலவாவது ஆறேழு யூனிட். 15 ஆம்பியர் பாயின்டில், 3 கிலோவாட் அளவில், இரண்டு மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். இரவு முழுவதும் வண்டி நிற்கிறதே, அவசரம் எதற்கு? நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத்தான் 7 கிலோவாட் பெட்டி தேவை. அதை மாட்டுமுன் வீட்டுக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். மும்முனை இணைப்புக் கேட்க நேரலாம்.

எதை மாட்டினாலும் மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி., சோதித்துப் பார்த்த எர்த் ஆகிய நான்கும் வேண்டும். 15 ஆம்பியர் பாயின்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், 7 கிலோவாட் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரும் போடச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையாலேயே வேலை நடக்கட்டும். இதிலே மிச்சம் பிடிக்கும் நூறு ரூபாய், உயிருக்கு உலை வைக்கும் நூறு ரூபாய்!

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்பவர் தம் பெயரில், தம் செலவில், தனி மீட்டர் வைத்துக்கொண்டால் உங்களுக்கு நட்டமென்ன? உங்கள் மீட்டரிலே ஒரு யூனிட்டும் ஏறாது. உங்கள் சுவரிலே திருட்டு ஒயரும் தொங்காது.

கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் பகுதியிலே சன்னல் வழியே ஒயர் தொங்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். படிப்பகத்திலே விதிகளை எழுதித் தொங்கவிடுங்கள். எலக்ட்ரீஷியன் தோழர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து எர்த் சோதித்துத் தரட்டும். மின் அலுவலகம் தாமதித்தால் கூட்டமாய்ச் சென்று, அமைதியாய், ஆனால் அழுத்தமாய்க் கேளுங்கள்.

வண்டி செய்தவன் வாசலிலே அந்த வண்டிக்கு மின்சாரம் இல்லையென்றால், நாம் கண்ட முன்னேற்றம் யாருக்கு? பங்களாச் சுவருக்கு உள்ள உரிமை, வாடகைச் சுவருக்கும் வந்தே தீர வேண்டும்!