எண்ணினால் போதுமா?

ஆண்டு விழா என்றவுடன் வரவேற்பு நடனமும் பரிசளிப்பும் எல்லாருக்கும் நினைவு வரும். அவற்றிற்கு அடுத்தபடியாக மேலைநாட்டு நடனம் ஒன்று நிகழ்ச்சி நிரலில் இடம் பெறாமல் போவதில்லை. இவ்வாண்டு அந்த இடம் வால்ட்ஸ் நடனத்திற்குக் கிடைத்தது. "பால்ரூம் நடனமா, கான்வென்ட் பிள்ளைகளுக்கு அது எதற்கு?" என்று கேட்ட பெற்றோர்களும் உண்டு. மாணவியும் மாணவியும் கைகோத்துச் சுற்றி வருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் அதைப் பற்றி வாதாட நாங்கள் எழுதவில்லை. நடனத்தை எண்ணிக்கையால் மட்டும் கற்பித்தால் போதுமா என்பதே எங்கள் கேள்வி.

"ஒன்று, இரண்டு, மூன்று! ஒன்று, இரண்டு, மூன்று!" என்ற குரல் இரண்டு மாதமாக மாலை வேளைகளில் மண்டபத்தில் ஒலித்தது. அந்தக் குரலுக்குத்தான் நாங்கள் ஆடினோம். இசை வந்து சேர்ந்தது கடைசி வாரத்தில். அதற்குள் எண்ணிக்கை எங்கள் கால்களில் ஊறிப் போயிருந்தது. இசையோ யாரோ விருந்தாளி வந்தது போல் எங்களுக்குப் புதிதாக இருந்தது.

வால்ட்ஸ் இசையில் மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு பார். முதல் தட்டு அழுத்தமாக விழும், மற்ற இரண்டும் இலேசாக இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போவது என்னவென்றால், இந்தப் பார்கள் தனித்தனியாக நிற்பதில்லை. நாம் சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பது போல, பெரும்பாலான வால்ட்ஸ் மெட்டுகளில் எட்டுப் பார் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆகிறது. நான்காம் பாரில் ஒரு காற்புள்ளி, எட்டாம் பாரில் முற்றுப்புள்ளி. ஒன்பதாம் பாரில் மெட்டு புதிய மூச்சு எடுத்துக்கொள்ளும். இதைக் கேட்பதற்குச் சங்கீதப் படிப்பு வேண்டியதில்லை. கோவிலில் பாடற்குழுவுடன் சேர்ந்து பாடும் சிறுமிக்குக்கூட எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரியும்.

இனி அடவுகளைப் பார்ப்போம். (ஆங்கிலேயர் வேறு பெயர் சொன்னாலும் நாங்கள் அடவு என்றே சொல்கிறோம். வாய்க்கு அதுதான் வருகிறது.) வால்ட்ஸ் பழகத் தொடங்குவோருக்கு வழக்கமாகக் கற்றுக் கொடுக்கும் கோவை ஒன்று உண்டு. வலப்புறச் சுழற்சிக்கு இரண்டு பார், அடுத்துக் கால் மாற்றுவதற்கு ஒரு பார், இடப்புறச் சுழற்சிக்கு இரண்டு பார், மறுபடி கால் மாற்றுவதற்கு ஒரு பார். ஆக ஆறு பார். நாங்கள் ஆடியதும் இதுவே.

கோவை ஆறு, வாக்கியம் எட்டு! கணக்குப் பாடத்தில் படித்த மீச்சிறு பொது மடங்கு நடன மண்டபத்தில் வந்து நிற்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஆறுக்கும் எட்டுக்கும் அது இருபத்து நான்கு அல்லவா? கோவை 1, 7, 13, 19 ஆகிய பார்களில் தொடங்குகிறது. இசை வாக்கியமோ 1, 9, 17 ஆகிய பார்களில் தொடங்குகிறது. இரண்டும் மறுபடி கைகுலுக்கிக் கொள்வது 25ஆம் பாரில்தான். இடையில் நடனம் ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம். வால்ட்ஸ் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாக்ஸ்டிராட் நடனத்தில் "மெதுவாக, மெதுவாக, விரைந்து, விரைந்து" என்ற எளிய அடவுக்கு ஆறு தட்டு வேண்டும். அதன் இசைக்கோ பாருக்கு நான்கு தட்டு, எட்டுப் பாருக்கு முப்பத்திரண்டு. ஐந்து முறை ஆடினால் முப்பது. இரண்டு தட்டு அந்தரத்தில் தொங்கும்.

இப்படிப் பிரிந்து நடப்பது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரதம் பயிலும் தோழியரைக் கேட்டால், தாளத்தை விட்டு விலகுவது போல் போய்ச் சமத்தில் வந்து விழும் தீர்மானம்தான் அழகு என்பார்கள். அதற்குச் சமம் எங்கே இருக்கிறதென்று ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவுமில்லை.

கடைசி வாரத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வரிசையைக் கலைத்தாள். மற்ற அனைவரும் இரண்டாம் சுற்றில் கால் மாற்றிக் கொண்டிருக்கையில், அவள் மட்டும் மறுபடியும் வலப்புறச் சுழற்சியைத் தொடங்கினாள். ஜோடியின் கால் மிதிபட்டது. "தாள ஞானம் இல்லை" என்று பயிற்சி கொடுத்தவர் அவளை வரிசையிலிருந்து நீக்கிவிட்டார். விழாவன்று அவள் திரைக்குப் பின்னால் நின்று எங்கள் உடைகளுக்கு ஊசி குத்திக் கொண்டிருந்தாள். அவள் தடுமாறிய இடம் எது தெரியுமா? சரியாக ஒன்பதாம் பார். மெட்டு புதிதாகத் தொடங்கிய இடத்தில் அவளும் புதிதாகத் தொடங்கினாள். அவளுக்குத் தாள ஞானம் இல்லையாம்! எங்கள் இருபது ஜோடிகளில் இசையைக் கேட்டு ஆடியவள் அவள் ஒருத்திதான் என்று நாங்கள் துணிந்து சொல்வோம்.

"எண்ணிக்கை இல்லாவிட்டால் நாற்பது பேரும் நாற்பது திசையில் போவார்களே" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கையை விட்டுவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இங்கிலாந்தில் விக்டர் சில்வெஸ்டர் என்றொருவர் இருந்தார். ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகன். 1922ஆம் ஆண்டு உலக பால்ரூம் போட்டியில் வென்றவர். நடனத்திற்கேற்ற வேகத்தில் இசைத்தட்டுகள் கிடைக்கவில்லை என்று கண்டு, தாமே இசைக்குழு அமைத்து 1935 முதல் இசைத்தட்டுகள் வெளியிட்டார். வேகம் சற்றும் கூடாது, குறையாது. ஒழுங்கில் அவரை மிஞ்ச முடியாது. அப்படிப்பட்டவரும் தட்டுகளை மட்டும் அடித்து விற்கவில்லையே! மெட்டோடுதான் தந்தார்.

வியன்னா நகரத்தைப் பாருங்கள். 1867இல் ஜோகன் ஸ்டிராஸின் 'நீல டான்யூப்' முதன்முதலாக ஒலித்த ஊர் அது. அங்குள்ள இசைக்குழுவினர் வால்ட்ஸ் வாசிக்கும்போது இரண்டாம் தட்டைச் சற்று முந்தியே வைப்பார்கள். சம அளவாக "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக் கொண்டிருப்பவருக்கு அது பிழையாகத் தோன்றும். காதால் கேட்பவருக்கோ அங்கேதான் கால் தானாக எழும்பும். பாசோ டோப்ளே என்னும் நடனத்தில் இன்னும் வேடிக்கை. போட்டிகளில் பெரும்பாலும் ஒலிக்கும் 'எஸ்பானா கானி' என்ற இசையில், வாத்தியங்கள் அனைத்தும் உரக்க முழங்கி நிற்கும் இடங்கள் உண்டு. எந்த நாட்டு ஜோடியாயினும் அந்த இடத்தில் சிலைபோல் நிற்கும்படி முன்னதாகவே தம் அடவுகளை அமைத்துக் கொண்டு வருவார்கள். அங்கே நிற்காத ஜோடியை யார் மதிப்பார்?

எங்கள் மேடையில் இசை நின்ற விதத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நிமிடம் என்று விதி. நிதானமான வால்ட்ஸ் நிமிடத்திற்கு முப்பது பார் வீதம் போகும். முன்னிசை நீங்கலாக மூன்று நிமிடத்திற்குத் தொண்ணூறு பார். எட்டால் வகுத்துப் பாருங்கள்: பதினொரு வாக்கியம் முடிந்து, பன்னிரண்டாவதில் இரண்டு பார் ஆனதும் ஒலிபெருக்கி ஊமையானது. பெற்றோர் கைதட்டினார்கள், அது அவர்களுடைய பெருந்தன்மை. பேச்சுப் போட்டியில் ஒரு மாணவி "ஆகவே அன்பார்ந்த" என்று சொன்னவுடன் ஒலிபெருக்கியை அணைத்தால் கைதட்டுவார்களா?

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. முதல் நாளிலிருந்தே இசையோடு பயிற்சி வேண்டும். அடவு தொடங்கும் முன் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்கவே விடலாம். ஆறு பார்க் கோவையின் முடிவில் இரண்டு பார் சேர்த்து, ஒரு பக்கம் ஓர் அடி வைத்து அசைந்து நின்று, மறுபக்கமும் அவ்வாறே செய்தால் கோவை எட்டாகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் எல்லாரும் ஒன்றாகச் சுழல்வதை, அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியும் கண்டுகொள்வார். கோவையை மாற்ற மனமில்லை என்றால் தொண்ணூறு பாருக்குப் பதில் தொண்ணூற்றாறு பார் தாருங்கள். பதினாறு சுற்றும் பன்னிரண்டு வாக்கியமும் ஒரே நொடியில் முடியும். நாங்கள் கேட்பது பன்னிரண்டு வினாடி அதிகம்.

பயிற்சியில் ஒருத்தி தனியாகத் தடுமாறினால், அவளை நீக்குமுன் எந்தப் பாரில் தடுமாறுகிறாள் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். ஊசி குத்திக் கொண்டிருந்த அந்த மாணவி அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் நம் பள்ளியிலேயே இருப்பாள். இப்போதும் மதிய இடைவேளையில் வராந்தாவில் அந்த மெட்டை முணுமுணுத்துக் கொண்டுதான் நடக்கிறாள்.